அடுக்கடுக்காய் ஒரு காடு

ஜப்பானின் தெருக்களில் பிறந்த உடை நாகரிகங்களுக்குக் கணக்கில்லை. கறுப்பு லேஸும் குடையுமாக நடக்கும் காத்திக் லோலிட்டா, தோலைக் கருக்கி முடியை வெளுத்து டோக்கியோவின் ஷிபுயாவைக் கலக்கிய கியாரு, தலையெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்புகளை அப்பிக்கொள்ளும் டெகோரா என்று வரிசை நீளும். எல்லாம் தெருக்கோடியிலிருந்தே கண்ணைப் பிடித்து இழுப்பவை. அந்த வரிசையில் 2000-களின் நடுவில் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது மோரி கேர்ள். மோரி என்றால் காடு. கதைப் புத்தகத்துக் காட்டில் குடியிருக்கும் பெண் ஏதோ வேலையாக நகரத்துக்கு வந்தால் எப்படி இருப்பாளோ, அப்படி உடுத்துவது. இந்த வரிசையில் என் மனம் ஒட்டிக்கொண்டது இதனிடம்தான். இதை ரசிக்கப் பக்கத்தில் போக வேண்டும். பத்தடி தள்ளி நின்றால் தொளதொளவென்று பழுப்பும் வெள்ளையுமாக ஏதோ துணி. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால்தான் அதற்குள் இருக்கும் வேலைப்பாடு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பிறந்த கதை எளிமையானது. மிக்ஸி என்பது 2004-இல் தொடங்கிய ஜப்பானியச் சமூக வலைத்தளம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் புதியவர் நுழைய முடியும் என்ற காலம் அது. காட்டுக்குள் இருப்பவள் மாதிரி இருக்கிறாய் என்று ஓர் இளம் பெண்ணிடம் அவருக்குத் தெரிந்தவர் சொல்ல, அந்தச் சொல் பிடித்துப்போய் 2006-இல் அவர் அங்கே ஒரு குழு தொடங்கினார். தனக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஒரு நீண்ட பட்டியலையும் எழுதி வைத்தார். படித்தவர்கள், தங்களுக்கும் இதெல்லாம் பிடிக்குமே என்று வந்து சேர்ந்தார்கள். 2009-க்குள் உறுப்பினர் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டிவிட்டது. வடிவமைப்பாளர் யாரும் மேடையேற்றியதில்லை, கடைக்காரர் யாரும் விளம்பரம் செய்ததில்லை. வீட்டில் உட்கார்ந்து தனியே ரசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதில் உருவான நாகரிகம் இது.

அந்தப் பட்டியலைப் பற்றித் தனியே பேச வேண்டும். ஏ-லைன் கவுன் பிடிக்கும், தளர்வாக விழும் உடை பிடிக்கும் என்பவை அதில் உண்டு. ஆனால் கையில் கேமராவோடு நடக்கப் பிடிக்கும், காப்பிக் கடைகளைத் தேடிப்போகப் பிடிக்கும், சின்னச்சின்னப் பொருள் விற்கும் கடைக்குள் நுழைந்தால் மனம் பூரிக்கும் என்பவையும் அதே வரிசையில் இருந்தன. இதை அணியாதே, அதைத் தொடாதே என்ற அதட்டல் இல்லை. விருப்பங்களை வரிசைப்படுத்துவதையே இலக்கியமாக்கிய நாடு ஜப்பான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசியின் பணிப்பெண்ணாக இருந்த செய் ஷோனகன் எழுதிய ‘தலையணைப் புத்தகத்தில்’ இப்படிப்பட்ட பட்டியல்கள் நிறைய உண்டு: மனத்துக்கு இதமானவை, எரிச்சல் மூட்டுபவை, சோர்வு தருபவை. மனம் சோரவைப்பவற்றில் ஒன்றாக, பருவம் கடந்த பிறகும் அணியப்படும் சிவப்புப் பிளம் நிற உடையை அவர் சேர்த்திருக்கிறார். மிக்ஸிக் குழுவின் பட்டியலை அந்த மரபின் கடைக்குட்டியாகவே நான் பார்க்கிறேன். தன் ரசனையை நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த ஒரு பெண், அதைச் சொல்லியே தன் தோழிகளைக் கண்டுபிடித்துவிட்டார்.

விதை விழுந்த மண்ணும் பக்குவமாகத்தான் இருந்தது. கானெகோ இசாவோ 1970-களிலேயே தன் பிங்க் ஹவுஸ் உடைகளில் பூப்போட்ட பருத்தியும் ஃப்ரில்லும் லேஸுமாக அடுக்கிக் காட்டியிருந்தார். லினன், சாயமேற்றாத பருத்தி, மரப்பித்தான் என்று எளிமையை நாடும் ஓர் உடைப்போக்கு ஏற்கெனவே பத்திரிகைகளில் இடம் பிடித்திருந்தது. வட ஐரோப்பாவின் மீது ஜப்பானியர்களுக்கு இருந்த மோகம் வேறு. ஒகிகாமி நாவோகோ இயக்கிய ‘காமொமே ஷொகுடோ’ படம் 2006-இல் வந்தது. ஹெல்சிங்கியில் சிறிய உணவகம் நடத்தும் ஜப்பானியப் பெண்ணின் கதை. அதில் ஃபின்லாந்துக்காரர்கள் இப்படி நிதானமாக இருக்க என்ன காரணம் என்று கேட்கும்போது, ஓர் இளைஞன் சொல்லும் பதில் காடு என்பதுதான். கேட்ட பெண் உடனே காளான் பறிக்கக் கிளம்பிவிடுகிறார். மோரி கேர்ள் பிறந்ததும் அதே ஆண்டில்.

முகம் ஒன்று வேண்டுமல்லவா, அதுவும் அதே ஆண்டில் கிடைத்தது. உமினோ சிகா வரைந்த ‘ஹனி அண்ட் க்ளோவர்’ என்ற மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, 2000 முதல் 2006 வரை தொடராக வந்தது. டோக்கியோ கலைக்கல்லூரி மாணவர்களின் கதை. அதில் வரும் ஹாகு, உருவத்தில் சிறியவள், ஆனால் ஆளுயரச் சிற்பங்களைச் செதுக்குகிற அசாத்தியத் திறமைக்காரி. படமானபோது ஹாகுவாக நடித்தவர் அவோயி யூ. இவாய் ஷுன்ஜியின் ‘ஹனா அண்ட் ஆலிஸ்’ (2004) படத்தில் மென்மையான வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய முகம் அது. அவரை மோரி கேர்ளின் உருவமாகவே இளம் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘ஸ்பூன்’ போன்ற பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படங்களை வெளியிட்டன. அந்தப் படங்களில் மேக்கப் போட்டதே தெரியாது. முடி கலைந்திருக்கும், பார்வை கேமராவுக்கு அப்பால் எங்கோ இருக்கும்.

இப்போது உடைக்கு வருவோம். நன்றாக அமைந்த ஒரு மோரி கேர்ள் உடையைக் கீழிருந்து மேலாகப் பிரித்துப் பார்க்கலாம். உருண்டை முனையுள்ள, குதிகால் உயராத தோல் காலணி. அதற்குள் தடித்த கம்பளிக் காலுறை, கணுக்காலில் சுருங்கி விழுந்து மடிந்திருக்கும். அதற்கு மேல் அடர்பழுப்பு டைட்ஸ். காலின் தோல் வெளியே தெரிவது அபூர்வம். பிறகு ஓர் உள்பாவாடை. இதுதான் ரகசியம். அதன் கரையில் இரண்டு மூன்று அங்குலத்துக்குப் பருத்தி லேஸ் வைத்திருக்கும். மேலே வரும் கவுன் அதைவிட அந்த அளவுக்குக் குட்டையாக இருப்பதால் லேஸ் மட்டும் எட்டிப் பார்க்கும். கவுனுக்கு இடுப்பு கிடையாது. மார்புக்குச் சற்று மேலே சுருக்கு வைத்து, அங்கிருந்து குடைபோல விரிந்து விழும். கழுத்தில் வட்டக் காலர். கவுனுக்கு மேல் கையில்லாத பின்னல் மேற்சட்டை, குளிர் கூடினால் போன்ச்சோ, இன்னும் கூடினால் கழுத்தைச் சுற்றி முகவாய் மறைகிற அளவுக்கு ஒரு கம்பளித் துண்டு.

எண்ணிப் பார்த்தால் ஆறேழு அடுக்கு. அத்தனையும் உடம்பின் மேல் இருந்தும் கனம் தெரியக் கூடாது என்பதில்தான் திறமை. அதற்கு ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு நீளத்தில் முடிய வேண்டும், வேறு வேறு நெசவாக இருக்க வேண்டும், நிறத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று உறவாக இருக்க வேண்டும். மூன்று பாவாடையும் ஒரே துணியாக இருந்தால் மூட்டையாகிவிடும். மெல்லிய வாயில் துணிக்கு மேல் சொரசொரப்பான லினன், அதற்கு மேல் துளைகள் விட்ட குரோஷா பின்னல் என்று வந்தால், கண் ஒவ்வோர் அடுக்கின் வழியாகவும் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வெளியிலிருப்பது உள்ளிருப்பதை மறைக்காமல் கொஞ்சம் காட்டிக்கொடுக்கிறது. இதில் கைதேர்ந்தவரின் உடையைப் பார்த்தால், எங்கே ஓர் அடுக்கு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது.

இந்த அடுக்கும் கலை ஜப்பானுக்குப் புதிதன்று. செய் ஷோனகன் வாழ்ந்த ஹெய்யான் காலத்து அரண்மனைப் பெண்கள் பட்டாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, கைமுனையிலும் கழுத்தோரத்திலும் நிறங்கள் வரிவரியாகத் தெரியும்படி விடுவார்கள். அந்த நிறச்சேர்க்கைகளுக்குச் செடிகொடிகளின் பெயர்களை வைத்தார்கள்: சகுரா, வில்லோ, யமாபுகி. சகுரா என்ற சேர்க்கையில் வெளியே மெல்லிய வெள்ளைப் பட்டு, உள்ளே சிவப்பு. உள்சிவப்பு வெள்ளையின் வழியே கசிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்த இளஞ்சிவப்பு எந்தத் துணியிலும் இல்லை, இரண்டு துணிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. மோரி கேர்ள் குழுவினர் அரண்மனைப் பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறத்தை ஒரே துணியில் தேடாமல் துணிகளின் சேர்க்கையில் தேடுகிற கண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அடுக்கு என்றதும் டோக்கியோவின் ஹராஜுகுவில் உள்ள காட்டைச் சொல்லியாக வேண்டும். ஹராஜுகு ரயில் நிலையத்தின் ஒரு பக்கம் தெரு நாகரிகங்களின் தலைநகரமான தகெஷிடா தெரு. மறுபக்கம் மெய்ஜி கோயிலின் காடு, ஏறத்தாழ 70 ஹெக்டேர். ஆதிகாலத்துக் காடு போலத் தோன்றும் அது மனிதர்கள் நட்டு வளர்த்தது. 1915-இல் பணி தொடங்கியது; நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் கொடுத்தனுப்பிய சுமார் 1,00,000 மரங்களை நட்டார்கள். கோயில் 1920-இல் எழுந்தது. அன்றைய பிரதமர் ஓகுமா ஷிகெனொபு, நிக்கோ என்ற கோயில் நகரத்தில் இருப்பதுபோல உயர்ந்த சுகி என்னும் ஊசியிலை மரத்தோப்பாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். வனவியல் அறிஞர் ஹோண்டா செய்ரொகுவும் அவருடன் இருந்தவர்களும் மறுத்தார்கள். டோக்கியோவின் புகையில் சுகி நிலைக்காது என்று விளக்கி, கருவாலி, கற்பூர மரம் போன்ற பசுமை மாறா அகன்ற இலை மரங்களைத் தேர்ந்தார்கள்.

அவர்கள் போட்ட திட்டம் அடுக்குகளால் ஆனது. முதலில் உயரமாகப் பைன், அதன் கீழே வேறு ஊசியிலை மரங்கள், அதற்கும் கீழே அகன்ற இலை மரங்கள். மேலடுக்கு ஒவ்வொன்றாக மடிய, கீழடுக்கு எழுந்து அதன் இடத்தைப் பிடிக்கும். 100 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தால், யாரும் நடாமல் தானே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் காடாக அது நிற்கும் என்பது கணக்கு. இன்றும் அங்கே பாதையில் விழும் இலைகளைக் கூட்டுகிறவர்கள் குப்பையில் கொட்டுவதில்லை. காட்டுக்குள்ளேயே திரும்பப் போடுகிறார்கள். மோரி கேர்ளைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் முதலில் எடுத்துவிடும் வாதம், இது செயற்கையானது, நகரத்துப் பெண்கள் கற்பனையில் கட்டிய காடு என்பது. கற்பனையில் கட்டியதுதான். மெய்ஜி காடும் காகிதத்தில் கட்டப்பட்டுப் பிறகு வேர்விட்டதுதான். யோசித்துச் செய்ததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. எவ்வளவு யோசித்தார்கள், எவ்வளவு பொறுத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நிறங்களிலும் அந்த யோசனை தெரியும். சாயமேற்றாத காடாத் துணியின் மங்கல் வெள்ளை, ஓட்ஸ் நிறம், ஈரமண் பழுப்பு, பாசிப்பச்சை, திராட்சை ரசச் சிவப்பு, இரவு நீலம். கூசுகிற நிறம் ஒன்றுகூட இல்லை. காட்டின் தரையில் கிடப்பவற்றைக் கையில் அள்ளினால் வரும் நிறங்கள் இவை. பூவேலை இருந்தாலும் பூக்கள் சின்னவையாக, சற்று மங்கியவையாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் ஒரு சிவப்பு வேண்டுமானால், காளான் வடிவ புரோச் ஒன்றில் கட்டைவிரல் நுனி அளவுக்கு வரலாம்.

துணிகளில் நான் மிகவும் விரும்புவது ஜப்பானியர்களின் இரட்டை காஸ். காயத்துக்குக் கட்டும் காஸ் போன்ற மிக மெல்லிய இரண்டு பருத்தித் துணிகளை ஒரே தறியில் ஒரே சமயத்தில் நெய்து, அங்கங்கே ஓர் இழையால் இரண்டையும் தொட்டுப் பிடித்து வைப்பார்கள். புதிதாக வாங்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஒருமுறை துவைத்துக் காயப்போட்டால் தொட்ட இடங்களுக்கு நடுவில் துணி லேசாக உப்பி, சின்னச்சின்னச் சுருக்கங்களாகக் குழைந்துவிடும். இரண்டு படலங்களுக்கு இடையில் காற்று நிற்பதால் குளிருக்கு இதம், வேர்வைக்கும் இதம். குழந்தைகளின் உடைக்கு இதைப் பயன்படுத்துவதன் காரணமும் அதுதான். லினனும் அப்படியே. முதல் நாள் விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க இளகி உடம்போடு படியும். இஸ்திரி போடாத லினனின் கசங்கலை மோரி கேர்ள் மறைக்க முயல்வதில்லை. அந்தக் கசங்கலில்தான் நிழலும் வெளிச்சமும் வந்து உட்காரும்.

லேஸின் கதை இன்னும் நுட்பமானது. புது லேஸின் பளிச்சென்ற வெள்ளை இந்த உடைக்கு ஒத்துவராது. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருக்க வேண்டும். அதற்கு ஜப்பானியக் கைவேலைக்காரர்கள் செய்வது தேநீர்ச் சாயம். தேயிலையைக் கொதிக்க வைத்து வடிகட்டி, நனைத்த லேஸை அந்த வெந்நீரில் அமிழ்த்துவார்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து பருத்தி இழையைப் பற்றிக்கொள்ளும். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்து, படிகாரம் கலந்த நீரில் போட்டு நிறத்தை நிலைநிறுத்தி அலசுவார்கள். நிறம் ஒரே சீராகப் பரவாது; நூல் தடித்த இடத்தில் சற்று ஆழமாகவும் மெலிந்த இடத்தில் வெளிறியும் நிற்கும். அந்த ஏற்ற இறக்கத்தால்தான் லேஸுக்கு வயது வந்ததுபோல இருக்கிறது. பாலியெஸ்டர் லேஸ் இந்தச் சாயத்தைச் சரியாக ஏற்காது. மலிவான உடை எது, மனம் வைத்துச் செய்தது எது என்று பிரித்துக்காட்டும் உரைகல்லாகவே இதைச் சொல்லலாம்.

சீராக இல்லாததன் அழகைத் தொழிலாகவே கையாண்டவர் மினாகவா அகிரா. 1967-இல் பிறந்தவர். இளமையில் ஃபின்லாந்துக்குப் போய்வந்த பாதிப்பில், 1995-இல் டோக்கியோவில் தொடங்கிய தன் நிறுவனத்துக்கு ஃபின்னியச் சொல்லால் பெயரிட்டார். இன்று அதன் பெயர் மினா பெர்ஹொனென். அவருடைய புகழ்பெற்ற ‘டாம்பரின்’ வடிவத்தை நெருங்கிப் பாருங்கள். எம்பிராய்டரியில் எழுந்து நிற்கும் சிறிய புள்ளிகள் 25, வட்டமாக. வட்டம் கச்சிதமான வட்டமில்லை, புள்ளிகளும் ஒரே அளவில்லை, இடைவெளிகளும் ஒன்றுபோல இல்லை. இயந்திரத்தால் தைக்கப்பட்டும், கையால் வரைந்த கோட்டின் தடுமாற்றத்தை அது காப்பாற்றி வைத்திருக்கிறது. இந்த நிறுவனம் மோரி கேர்ளுக்காகத் தொடங்கப்பட்டதல்ல, விலையும் அதிகம். ஆனாலும் இங்கிருந்தும் அங்கிருந்தும் ஒரே ரசனை பேசுவதை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

கையில் அவ்வளவு பணம் இல்லாத மாணவிகள் என்ன செய்தார்கள்? பழைய துணிக்கடைகளுக்குப் போனார்கள். டோக்கியோவின் கோயென்ஜியும் ஷிமொகிடசாவாவும் அதற்குப் பெயர்போன பகுதிகள். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய இரவுடைகள், உள்பாவாடைகள், மலைநாட்டுப் பூவேலைச் சட்டைகள் எல்லாம் அங்கே கிடைக்கும். இல்லையென்றால் நிப்போரியின் துணிச்சந்தைக்குப் போய்த் துணி வெட்டி வாங்கிவந்து தாங்களே தைத்தார்கள். ஜப்பானியத் தையல் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் சுகம் தெரியும். முதல் பாதியில் வெளிச்சமான அறையில் உடைகளின் படங்கள், பின்பாதியில் கோட்டோவியங்களாகச் செய்முறை. ஏறக்குறைய எழுத்தே தேவையில்லாத அளவுக்குத் தெளிவு. கடைசியில் மடித்து வைத்த பெரிய தாள். அதில் எல்லா உடைகளின் பேட்டர்ன் கோடுகளும் முழு அளவில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். நமக்கு வேண்டிய கோட்டை மட்டும் மெல்லிய காகிதத்தில் படியெடுத்து, தையலுக்கு இடம் விட்டு வெட்ட வேண்டும். இடுப்புப் பிடிப்பும் ஜிப்பும் இல்லாத ஏ-லைன் கவுன், தையல் கற்கத் தொடங்குபவருக்கு ஏற்றது. அழகும் எளிமையும் இப்படி ஒரே இடத்தில் கூடியதால்தான், பார்த்து ரசித்தவர்களில் பலர் செய்கிறவர்களாக மாறினார்கள்.

உடையோடு வரும் சின்னப் பொருள்களையும் விட்டுவிட முடியாது. சங்கிலியில் தொங்கும் பாக்கெட் கடிகாரம், ஆந்தை, அணில், மான் உருவங்கள், குறுக்காக மாட்டிய சிறு தோல் பை, கம்பளிக் குஞ்சம். கூடவே ஒரு ஃபிலிம் கேமரா. டிஜிட்டல் கேமரா எல்லார் கையிலும் வந்துவிட்ட காலத்தில், இவர்கள் வெளிச்சம் கசியும் ஹோல்கா போன்ற பொம்மைக் கேமராக்களையும், அம்மா அப்பாவின் பழைய கேமராக்களையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கிச்சிஜோஜியின் இனொகஷிரா பூங்காவில் ஒரு பிற்பகல், இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பிக் கடை, நிஷி ஒகிகுபோவின் பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று, அவ்வளவுதான் அவர்களின் திருவிழா. இதற்கு இரவு விடுதியும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். தனியே நடப்பதற்காகத் தைத்த உடை என்பதைத் தட்டைக் காலணியே சொல்லிவிடும்.

அந்தக் காலத்துச் சூழலில் வைத்துப் பார்த்தால் இதன் துணிச்சல் விளங்கும். 2000-களின் நடுவில் ‘கேன்கேம்’ பத்திரிகையும் அதன் மாடல் எபிஹாரா யூரியும் கோலோச்சினார்கள். ஆண்களுக்குப் பிடித்தமான, பளபளப்பான, உடல்வாகு தெரியும் உடை இளம் பெண்களின் இலக்கணமாக இருந்தது. மோரி கேர்ள் அந்த இலக்கணத்தோடு சண்டைக்குப் போகவில்லை. அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாத கவுனை அணிந்துகொண்டு, தனக்குப் பிடித்த பித்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனாள். பையன்களுக்கு இந்த உடை பிடிக்காது என்று சொன்னவர்கள் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே. யாருடைய கண்ணுக்காக உடுத்துகிறோம் என்ற கேள்விக்கு, என் கைக்காக, என் தோலுக்காக, நான் படித்த கதைகளுக்காக என்று பதில் சொன்ன உடை இது. இவ்வளவு மென்மையான உடைக்குள் இவ்வளவு உறுதி இருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புகழ் வந்ததும் சந்தையும் வந்தது. எச் அண்ட் எம் 2008-இல் கின்சாவில் கடை திறந்தது, ஃபாரெவர் 21 அடுத்த ஆண்டு ஹராஜுகுவில். வேகமாக வாங்கி வேகமாக எறியும் காலம் தொடங்கிய அதே சமயத்தில்தான் மோரி கேர்ள் உச்சத்துக்குப் போனது. பாணி பிரபலமானதும் லேஸ் ஒட்டிய கவுன்களும் இயந்திரப் பின்னல் போன்ச்சோக்களும் கடைகளில் குவிந்தன. குறைகளும் அப்போதுதான் கண்ணில் பட்டன. காளான், ஆந்தை, மான், கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் தொங்கவிட்டால் நாடக வேஷமாகிவிடும். நீளங்களைக் கவனிக்காமல் அடுக்கினால் பருமன்தான் மிஞ்சும். குழந்தைத்தனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், ஆளுயரச் சிற்பம் செதுக்கிய ஹாகுவின் பலம் காணாமல் போகும். நல்ல மோரி கேர்ள் உடையில் நிறுத்தத் தெரிந்த ஒரு கை எப்போதும் இருக்கும். இன்னும் ஒரு புரோச் குத்தலாம் என்று தோன்றும் இடத்தில் அது நின்றுவிடும்.

2010-களின் தொடக்கத்தில் பத்திரிகைகள் அடுத்த நாகரிகத்துக்கு நகர்ந்தன. மோரி கேர்ளின் உறவுக்காரர்கள் அதற்குள் பலர் வந்துவிட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய நாட்டார் உடைகளையும் பழைய பொம்மைகளையும் நினைவூட்டும் டோலி கேய், உண்மையாகவே மலையேறப் போகும் பெண்களின் யாமா கேர்ள், ஆண்களுக்கான மோரி பாய். சீனாவிலும் இந்த நாகரிகம் வேரூன்றியது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் பெண்கள் இணையத்தில் கூடி இதை மோரி கேய் என்று வளர்த்தெடுத்தார்கள். கறுப்பும் சாம்பலுமாக உடுத்தும் இருண்ட மோரி என்ற கிளையும் அங்கே முளைத்தது. வெயில் நாடுகளில் இருப்பவர்கள் கம்பளியை விட்டுவிட்டு மெல்லிய பருத்தியிலேயே அடுக்குகளை அமைத்தார்கள். பிற்பாடு காட்டேஜ்கோர் என்று உலகமே பேசிய கிராமத்துக் கனவு உடைக்கு, மோரி கேர்ள் மூத்த சகோதரி.

பொதுவாகப் பத்திரிகைகள் நகர்ந்துவிட்டால் ஒரு நாகரிகம் செத்துவிடும். இது சாகவில்லை. காரணம் அதன் பொருள்களிலேயே இருக்கிறது. லினன் கவுன் 10 ஆண்டு கழித்து இன்னும் நன்றாக இருக்கும். தேநீர்ச் சாயம் வெளிறினால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இடுப்பு இல்லாத கவுன் உடம்பு மாறினாலும் பொருந்தும். விருப்பங்களின் பட்டியலில் தொடங்கிய குழு என்பதால், இருபதில் சேர்ந்தவர் நாற்பதிலும் அதில் இருக்கலாம். வயதைக் காரணம் காட்டி யாரும் வெளியே அனுப்ப முடியாது.

இதை ரசிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். மோரி கேர்ள் படம் எதையாவது பார்த்தால் முகத்திலிருந்து தொடங்காதீர்கள். பாவாடையின் கரையில் தொடங்குங்கள். எத்தனை அடுக்கு தெரிகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு தள்ளி முடிகிறது என்று பாருங்கள். பிறகு லேஸின் நிறம், அது சீராக இருக்கிறதா, தடித்த நூலில் ஆழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து கைமுனை, காலர், பித்தான்கள், அவற்றைத் தைத்த நூல். இவ்வளவையும் பார்த்த பிறகு முகத்துக்குப் போங்கள். அந்தப் பெண் உடுத்துவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியையாவது நாம் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்வதுதான் அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.